அரிசோனா போவதற்கு ஐந்து ஏன்

குன்றத்தூர்,
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பிறகு.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ஸ்டீவ் அவர்களுக்கு, மாமனார் லாசர் எழுதிக்கொண்டது.

மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் நலம், என் வலது முழங்காலும் தண்ணீர் மோட்டாரும் நீங்கலாக. நீங்களும் மகள் ஃபெபியும் பேத்தி ஷாலினும் சுகமாக இருப்பதை நேற்று வீடியோவில் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் கடிதம் என்றால் கேட்டாக வேண்டும், ஆகவே கேட்கிறேன்: சுகமா? இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் நான் என்ன எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்புகிறீர்கள். அது சம்மதமா, படித்ததற்கு அத்தாட்சியா, இல்லை போதும் நிறுத்துங்கள் என்பதா என்று உங்கள் அத்தைக்கும் எனக்கும் இன்றுவரை தீரவில்லை.

ஃபெபிக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது, எங்கள் இருவருக்கும் மனுப் போட்டுவிடலாம், நிரந்தரமாக அரிசோனாவுக்கே வந்துவிடலாம் என்று போன ஞாயிறு சொன்னீர்கள். “அவசரப்படாதீங்க மாமா, சாதகம் பாதகம் ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, அத்தையையும் கேளுங்க, அடுத்த வாரம் சொன்னா போதும்” என்றும் சொன்னீர்கள். பெருந்தன்மையான பேச்சு. ஆனால் ஒரகடத்தில் பிரேக் ஹோஸ் என்னும் ரப்பர் குழாய் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்து மார்ச்சில் ஓய்வுபெற்ற ஒருவனிடம் பட்டியல் போடச் சொன்னால் என்ன நடக்கும் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கூட்டம் போட்டேன். நான், உங்கள் அத்தை, நடுநிலைப் பார்வையாளராக எதிர்வீட்டு நடேசன். வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பம், நிலம் போனபின் எங்கள் கம்பெனிக்கு வந்து லைன் சூப்பர்வைசர் ஆனவர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட்.

சாதகத்தில் முதலாவதாக நீங்கள் சொன்னதையே எழுதினேன்: அங்கே வெயில் உண்டு, வியர்வை கிடையாது, காய்ந்த வெயில். “வேர்க்காதா? அப்ப வெயிலுன்னு எப்படித் தெரியும்?” என்று உங்கள் அத்தை கேட்டாள். நடேசன் அதற்குள் செல்போனில் பார்த்துவிட்டு, “நாப்பத்தாறு டிகிரி கீதாம்பா. இதுக்கு இன்னாத்துக்கு பிளைட்டு? மே மாசம் ஒரகடம் சிக்னல்ல பத்து நிமிசம் நில்லு, அதே அரிசோனா” என்றார். ஆகவே அது சாதகத்திலிருந்து எடுக்கப்பட்டு பாதகத்தில் சேர்க்கப்பட்டது, பிறகு இரண்டு ஊருக்கும் பொது என்று அடிக்கப்பட்டது. அங்கே செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும், தேள் இருக்கும் என்று ஃபெபி சொன்னது நினைவுக்கு வந்தது. இங்கேயும் உண்டு, பொது. புழுதிக் காற்று: பொது. தண்ணீர்ப் பஞ்சம்: பொது. இப்படியே பதினொரு வரி போனபின் நடேசன், “மொத்தத்துல நீ ஏற்கெனவே அரிசோனாலதான் கீற லாசரு” என்றார். பட்டியல் பயன்படவில்லை.

எனவே எங்கள் கம்பெனி முறைக்குப் போனேன். ஜப்பான்காரர்கள் கற்றுக்கொடுத்தது, ‘ஒய்-ஒய்’, அதாவது ஏன்-ஏன், என்போம். ஒரு பாகம் பழுதானால் யாரையும் திட்டக்கூடாது. பிரச்சினையைத் தாளின் தலையில் எழுதிவிட்டு ஏன் என்று கேட்க வேண்டும், வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் மூலக் காரணம் வந்து நிற்கும். இந்த முறையால் ரப்பர் வெடிப்பதையும் கேண்டீனில் சாம்பார் புளிப்பதையும் நிறுத்தியிருக்கிறோம்.

தாளின் தலையில், ‘செல்வமேரி அரிசோனா வர மறுக்கிறார்’ என்று எழுதினேன்.

“நான் எப்பங்க மறுத்தேன்? யோசிக்கணும்னுதான சொன்னேன்.”

“மேரியம்மா சொல்றது கரெக்டு. தலைப்புலயே ரிஜெக்ட் பண்ணாதப்பா” என்றார் நடுநிலைப் பார்வையாளர்.

‘தயங்குகிறார்’ என்று திருத்தினேன். முதல் ஏனுக்கு, அங்கே வாசலில் இறங்கி நடந்தால் கடையோ கோயிலோ வராது, எதற்கும் காரில் யாராவது கூட்டிப்போக வேண்டும் என்றாள். இரண்டாவதற்கு, தனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றாள். மூன்றாவதற்கு, கற்றுக்கொள்ளவில்லை. நான்காவதாக ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டபோது, “மொத நாள் ஸ்கூட்டிய கிரவுண்ட ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து நிறுத்துனேன். நீங்க நோட்டுல பதினாலு குறை எழுதி வச்சிருந்தீங்க” என்றாள். ஐந்தாவது ஏனை நான் கேட்கவில்லை. நடேசன் என் பக்கம் திரும்பிக் கேட்டார். மூலக் காரணத்தில் ஆள் பெயர் வரக்கூடாது என்பது விதி, ஆகவே ‘பயிற்சி முறையில் குறைபாடு’ என்று எழுதினேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “பேரப் போடுங்க” என்றாள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி எழுந்து போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் ஓடவில்லை. இப்போதெல்லாம் ஒரே இடத்தில் அரைமணி நேரம் உட்கார முடிவதில்லை மாப்பிள்ளை, எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

அன்று மேசையில் நான் தாளை மடிக்கும்போது உங்கள் அத்தை பேனாவை வாங்கிக்கொண்டு, “இப்ப உங்களுக்கு” என்றாள். இருபத்தேழு வருடத்தில் கேள்வி கேட்கிற நாற்காலியிலிருந்து பதில் சொல்கிற நாற்காலிக்கு என்னை யாரும் மாற்றியதில்லை. தலைப்பு: ‘இவர் அரிசோனா போகத் துடிக்கிறார்.’ ஏன்? பேத்தியைப் பார்க்க என்றேன். “ஆறு மாசம் இருந்து பாத்துட்டு வந்துடலாமே. ஒரேயடியா ஏன்?” இங்கே எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்றேன். ஏன் இல்லை? வேலை முடிந்துவிட்டது. “ஊர்ல எல்லாருக்கும்தான் முடியுது. அவங்கல்லாம் வூட்டுல இருக்காங்க. நீங்க ஏன் இருக்க மாட்டேங்கறீங்க?” நான் பதிலை யோசித்துக்கொண்டிருக்கையில் நடேசன், “பஸ்ஸு வருதில்ல” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

இனி மறைப்பதில் பயனில்லை, மேசையில் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கம்பெனி பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் தெருமுனைக்கு வரும். நான் மார்ச்சிலிருந்து இன்றுவரை நாலரைக்கு எழுந்து, குளித்து, முகம் மழித்து, முனையில் டீக்கடை ஓரம் நின்று, அது கிளம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். நடைப்பயிற்சி என்று சொல்லி வைத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை டிரைவர் கதவைத் திறந்து “வாங்க சார்” என்றார், பழக்கதோஷத்தில் ஏறிவிட்டேன். என் ஜன்னலோர சீட்டில் ஒரு சின்னப் பெண் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்ததால் ஒரகடம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கேட்டில் என் அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி புதியவர், மரியாதையானவர், வருகையாளர் புத்தகத்தை நீட்டினார். பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன். ‘வந்த காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எத்தனை ஆயிரம் காரணக் கட்டங்களை நிரப்பியிருப்பேன், இதில் ஒரு எழுத்து வரவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் மத்தியானம் ஷிப்ட் விடும்வரை உட்கார்ந்திருந்து, அதே பஸ்ஸில் திரும்பினேன்.

எங்கே போனீர்கள் என்று உங்கள் அத்தை கேட்டபோது, வாலாஜாபாத்தில் ஒரு துக்கம், கூட வேலை பார்த்த ஆறுமுகநயினார் போய்விட்டார் என்று சொல்லிவிட்டேன். கையில் அகப்பட்ட பெயர் அதுதான். அவள் கண்கலங்கி, மறு ஞாயிறே பங்கில் சொல்லி ஆறுமுகநயினாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை வைத்துவிட்டாள். சாமியார் திருநெல்வேலிச் சைவரின் பெயரைத் தடுமாறாமல் வாசித்தார். நானும் முழங்காலில் நின்றேன்.

“அந்தச் செவ்வாக்கிழம ஆறுமுகநயினார் துக்கத்துக்குல்ல போனேன்னீங்க?” என்றாள் உங்கள் அத்தை மேசையில். “ஆறுமுகநயினாரா?” என்றார் நடேசன். “வெள்ளிக்கிழம கேண்டீன்ல எம் பக்கத்துல உக்காந்து ரெண்டு பிளேட்டு பொங்கல் துன்னானேம்மா!”

உங்கள் அத்தை கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “பஸ்ஸுக்கு ஏன் நிக்கறீங்கங்கற அஞ்சாவது ஏனுக்கு இங்கயே பதில் இல்ல. அங்க போயி எந்த முனையில நிப்பீங்க?” என்று மட்டும் கேட்டாள். நடேசன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனார். அப்போது மணி ஒன்பதரை, அவருக்கு ஷிப்ட் மூன்று மணிக்கு.

அந்தக் கேள்வியை ஆறு நாளாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். என் முடிவு இது. காரணம் தெரியாத பழுதோடு ஒரு பொருளை வேறு ஊருக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினால் பழுதும் சேர்ந்து போகும், அங்கே இருப்பவர்களுக்குத்தான் தொல்லை. ஆகையால் பாதகமே அதிகம் என்று தீர்மானித்து, மனுப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் உங்கள் அத்தைக்கும் சம்மதம்தான், கேட்கவில்லை என்றாலும்.

ஃபெபியிடம் பக்குவமாகச் சொல்லவும். பேத்திக்கு நெற்றியில் என் சார்பாக ஒரு சிலுவை போடவும். செருப்பைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளவும். ஆண்டவர் உங்கள் மூவரையும், காரையும், வேலையையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
சூ. லாசர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தாள். “மனுவப் போடச் சொல்லுங்க” என்றாள். ஏன் என்றேன். “இங்க நாள் முழுக்க உங்கள நான் ஒருத்தியே பாத்துக்கினு இருக்கேன். அங்க நாங்க நாலு பேரு. ஷிப்டு போட்டுப் பாத்துக்கலாம்” என்றாள். முதல் ஏனிலேயே மூலக் காரணம் கிடைத்துவிட்டதால் மீதி நான்கையும் கேட்கவில்லை. ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்து மனுவைப் போடவும். முதல் ஷிப்டுக்குப் பேத்தி ஷாலினைப் போடுங்கள். விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டு ஒருவரையும் தூங்கவிடுவதில்லை என்று ஃபெபி சலித்துக்கொண்டாள். எனக்கு அந்த நேரம் தோதுப்படும்.