மாமாவின் பாதி மீசை

கல்யாண வீடியோவில் முகம் தெரியாதவர் கல்யாணத்துக்கே வராதவர். எங்கள் ஜவ்வாது மலைப் பக்கம் இதுதான் சட்டம். தாய்மாமன் விஷயத்தில் அப்பீலே கிடையாது.

அக்கா கல்யாணத்தின்போது நான் திருப்பத்தூரில் கல்லூரி மாணவன். படிக்க வேண்டிய நேரத்தில் செல்போனில் பழைய பிரிட்டிஷ் துப்பறியும் நாடகங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அதை எடுத்தவர்களிடம் காசு கிடையாது. அரண்மனை என்றால் ஒரு கதவுக் கைப்பிடியைக் காட்டுவார்கள். கூட்டம் என்றால் மூன்று தொப்பி. கொலைகாரனைச் சாவித் துவாரம் வழியாகக் காட்டியே தூக்கத்தைக் கெடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் காசு இல்லை, ஆகவே நானும் மேதைதான் என்று முடிவுகட்டி, வீடியோவை நானே எடுக்கிறேன் என்றேன். (அப்பா உடனே சம்மதித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

புதூர்நாட்டு மாமா, அம்மாவின் அண்ணன், வேலியோரப் புளியமரத் தகராறில் அப்பாவோடு பல வருஷமாகப் பேச்சில்லாதவர். அம்மா அழுது கூப்பிட்டதால் சீர்த்தட்டோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு டிவியில் வீடியோவைப் போட்டோம். மாமா புதுச்சட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். சீர்த்தட்டு வந்தது. அதைப் பிடித்த கைகள் வந்தன. செருப்பு வந்தது. வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து பாதி மீசை எட்டிப் பார்த்தது. போதாததற்கு, ஃபோகஸ் பழக எடுத்த அப்பாவின் முகம் திரை முழுக்க நின்றுகொண்டே இருந்தது.

"தட்டு கீது. கையி கீது. நான் எங்கடா?"

"பிரிட்டிஷ் ஸ்டைல் மாமா. மூஞ்சிய மறைச்சாதான் பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வரும்."

"எனக்கு வந்துட்ச்சி," என்றவர் அப்பாவைப் பார்த்தார். "உங்க அப்பன் சொல்லித்தான என்ன மறைச்ச?"

அப்பா நேரங்கெட்ட நேரத்தில் சிரித்துத் தொலைத்தார். மாமா எழுந்து போனவர்தான், அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. நியாயம்தான்.

சில வருஷம் கழித்து, என் கல்யாணப் பத்திரிகையோடு பயந்துகொண்டே அவர் வீட்டுக்குப் போனேன். பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கேமரா யாரு எடுக்கறது?"

"வெளியாளு மாமா."

"நெஜமா?"

"நான் தாலி கட்டணும் மாமா."

பத்திரிகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "செரி, வர்றேன்."

வந்தார். நேராகக் கேமராவுக்கு முன்னால் போய் நின்று, அது எங்காவது நழுவிவிடுமோ என்று முறைத்தபடி, கெட்டிமேளம் அடங்கும்வரை நகரவே இல்லை. என் வீடியோவில் தாலி கட்டும் நேரத்தில் திரை முழுக்க மாமாதான். அவர் காதுக்குப் பின்னால் ஒரு விரல் தெரிகிறது.

அம்மா அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி அண்ணனை ஆசைதீரப் பார்ப்பாள். என் மனைவி ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பாள்:

"அந்த வெரலு உங்களுதுதான்னு இன்னா சாட்சி?"