நான்கு சுவர்களும் ஒரு நீலப் பட்டையும்

"இது எங்கங்க போய் முடியும்?" என்று மனைவி கேட்டபோது, கணக்கு வாத்தியார் நான்காவது சுவரில் பாதி தூரம் வந்திருந்தார்.

கூடத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு நீலப் பட்டை. அவ்வளவுதான் வேலை. பெயிண்டர் நாளைக்குத்தான் வருவேன் என்று கையை விரித்துவிட்டார். மகள் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அப்பா அம்மாவோ இன்று சாயங்காலமே வருகிறார்கள், முதல் தடவையாக.

"கோடு போடுறதுக்கு ஒரு ஆளா? என் பொழப்பே அதுதானே" என்று காலையில் வாத்தியார் மார்தட்டியிருந்தார்.

"அப்ப நேரா ஒரு கோடு போடுங்க."

"நேர்கோடு சுவத்துல அடங்காதுடி. அதுக்கு ரெண்டு பக்கமும் முடிவே கிடையாது. நான் போடப்போறது கோட்டுத்துண்டு. ரெண்டு முனை உண்டு."

"இத்தன வருஷமா பசங்களுக்கு என்னத்தப் போட்டுக் காட்டினீங்க?"

"துண்டுதான். ரெண்டு முனையிலயும் அம்புக்குறி போட்டுட்டா அது நேர்கோடு."

நூல் பிடித்துப் போடுங்கள் என்றதற்கு, அதெல்லாம் கணக்குத் தெரியாதவன் வேலை என்றுவிட்டார். பள்ளிக்கூடத்து மரஸ்கேலை வைத்து ஒரு துண்டு, அதன் முனையில் இன்னொரு துண்டு என்று ஒட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு துண்டும் மயிரிழை இறங்கியது. மயிரிழைகள் எல்லாம் கூட்டுச் சேர்ந்து அறையைச் சுற்றி வந்தபோது, கோடு தொடங்கிய இடத்துக்கு ஒரு சாண் கீழே போய் நின்றது.

மகள் எட்டிப் பார்த்தாள். "முனையே சேரலையேப்பா. இப்படியே விட்டா இன்னும் நாலு சுத்துல தரைக்குப் போயிடும். பேசாம அம்புக்குறி போட்டு விட்டுடுங்க."

வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது. இரண்டு முனைகளையும் ஒரு சாய்வுக் கோட்டால் இணைத்தார். மாடிப்படி மாதிரி இருந்தது. அதை மறைக்கப் பட்டையை அகலமாக்கினார். கூடத்துக்குள் வெள்ளம் வந்து வடிந்த அடையாளம் மாதிரி ஆகிவிட்டது. மிச்சத்தை மறைக்க அலமாரியை இழுத்தார். இப்போது வாசல் கதவு பாதிதான் திறந்தது.

"அவரோட அப்பா சர்வேயரா இருந்தவருப்பா" என்றாள் மகள், அழாத குறையாக. "கோணலாக் கிடந்தா அவருக்குச் சோறே இறங்காதாம். பார்த்த உடனே எழுந்து போயிட்டா?"

வந்தவர்கள் பக்கவாட்டில் நெளிந்து உள்ளே நுழைந்தார்கள். சர்வேயர் உட்கார்ந்தார். டீயை வாங்கினார். அவர் கண் பட்டையின் மேல் ஏறி, முதல் சுவர், இரண்டாவது சுவர் என்று ஊர்ந்து, அலமாரிக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் ஒரு சாண் கீழே வெளியே வந்தது. தலையும் கூடவே சாய்ந்தது.

வாத்தியார் தரையைப் பார்த்தார். தரை பிளந்தால் ஸ்கேலோடு உள்ளே போய்விடத் தயாராக இருந்தார். மகளின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"பெயிண்டர் பண்ணின வேலைங்க" என்றார் மெல்ல. "சரியான முட்டாப்பய."

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமாங்க ஆமாங்க" என்று சர்வேயர் அளவுக்கு மீறிய வேகத்தில் தலையாட்டினார். "இந்தக் காலத்துல எந்தப் பெயிண்டரையும் நம்ப முடியாது."

சர்வேயரின் மனைவி வாத்தியாரின் முழங்கையில் காய்ந்திருந்த நீலத்தை ஒரு பார்வை பார்த்தார். டீ கிளாஸை நிதானமாகக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுச் சுவத்தையும் இப்படி ஒரு பெயிண்டர்தான் கோணலாக்கினாரு, சம்பந்தி. இதோ, என் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்காரு."