புதையலுக்கு இந்தப் பக்கம்

"இடது பக்கமே போறோம்," என்றார் பஸ் டிரைவர்.

வரைபடக்காரர் மேஜையில் விரித்திருந்த கட்டத்தாளைப் பார்த்தார். இடது பக்கம் போனால் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். வலது பக்கம் பத்தடி நடந்தால் புதையல். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளாக இவர்கள் இடது பக்கமே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வாரம் முழுக்க ஊரார் குடியிருக்கும் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர் அவர். ஞாயிறு மதியம் மட்டும் தன் சாப்பாட்டு மேஜையில் ஒரு நிலவறையை விரிப்பார். கட்டம் போட்ட தாள், நாலைந்து பகடை, அவ்வளவுதான். அறை எப்படி இருக்கிறது என்று அவர் சொல்வார். எந்தக் கதவைத் திறப்பது, எந்தப் பூதத்தை வெட்டுவது என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள். பகடை தீர்ப்புச் சொல்லும். ஆட வருகிறவர்கள் பஸ் டிரைவர், பல் டாக்டர், மருந்துக்கடை அக்கா என்று மூன்றே பேர். நூலகத்தில் அவர் ஒட்டிய சீட்டைப் பார்த்து வந்தவர்கள். அவர்களை விட்டால் அந்த வீட்டில் இரண்டாவது தம்ளருக்கு வேலை கிடையாது.

ஆட்டம் கஷ்டமாக இருந்தால் அலுத்துப்போகும், அலுத்தால் வரமாட்டார்கள் என்பது அவர் பயம். 'எதை வேண்டுமானாலும் எடுத்துக்கோ, இந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவை' என்று தினமும் கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

நிலவறை எப்படி இருந்தால் பிடிக்கும் என்று அன்றைக்கு அவர்களிடமே கேட்டார். டிரைவர் வளைவுகள் அதிகம் வேண்டுமென்றார். டாக்டருக்குக் கதவுகள் கடைவாய்ப்பல் மாதிரி அசையாமல் இருக்கவேண்டுமாம். அக்காவோ, சின்னச் சின்ன அறையாக நூறு போடுங்கள், ஒவ்வொன்றையும் இறுக்கி மூடிவிடுங்கள் என்றாள்.

ஏற்கெனவே ஆட்டம் கஷ்டம் என்பதைத்தான் குத்திக்காட்டுகிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். அவருக்கும் ரசனை உண்டு. பூதமே ஆனாலும் காற்றோட்டம் வேண்டும், படிக்கட்டு என்றால் கைப்பிடி வேண்டும். கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்த வாரமே எளிதாக்கினார். வளைவுகளை நிமிர்த்தினார். பூட்டுகளைக் கழற்றினார்.

அடுத்த ஞாயிறு டாக்டர் பகடையை உருட்டியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. டாக்டர் முகம் வாடிவிட்டது. காற்று அடிக்கிறது என்று சொல்லி மறுபடி சாத்திவிட்டார்.

இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று, அதற்கடுத்த வாரம் 'புதையலுக்கு இந்தப் பக்கம்' என்று அம்புக்குறி போட்டுப் பலகை வைத்தார். அக்கா அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"லேபிள் இவ்வளவு பெரிசா இருந்தா உள்ள இருக்கிற சரக்கு போலிங்க. இருபது வருஷ அனுபவத்துல சொல்றேன்."

மூவரும் இடது பக்கம் போனார்கள்.

மூன்றாவது வாரம் காவல் பூதத்துக்கு நல்ல புத்தி கொடுத்தார். அது வாளைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே வாங்க, உட்காருங்க என்று உபசரித்தது. முன்பின் தெரியாத பூதம் கூப்பிட்டால் உடனே போய்விடுவதா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று டிரைவர் சொல்ல, தாளில் இருந்த அவர்களுடைய மூன்று வீரர்களும் தலைதெறிக்க ஓடிப்போனார்கள்.

நான்காவது வாரம் அவர் மிச்சம் மீதி வைக்கவில்லை. ஒரே அறை. ஒரே வாசல், அதற்கும் கதவு கிடையாது. நடுவில் பெட்டி, மூடி திறந்து, பளபளவென்று.



டிரைவர் தொண்டையைச் செருமினார். "சார், நாங்க மூணு பேரும் நடந்து களைச்சுப்போயிட்டோம். வாசல்லயே கொஞ்சம் படுத்துக்கறோம்."

புதையலுக்கு எட்டடி தள்ளி வீரர்கள் ஒன்றரை மணி நேரம் தூங்கினார்கள். ஐந்து மணிவரை ஆடுகிறவர்கள், அன்று நாலுக்கே எழுந்துவிட்டார்கள். செருப்பை மாட்டும்போது ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் என்ற பேச்சே எழவில்லை.

அவர் நான்கு தம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தார். நாற்காலிகளை உள்ளே தள்ளினார். பிறகு ஒரு நாற்காலியை மட்டும் வெளியே இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து, எதிரே இருந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் என்ன குறை, சொல்லியிருக்கலாமே என்று நாற்காலிகளிடம் கேட்டார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் திறந்தார். கீழ்வீட்டு அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"வாராவாரம் உங்க ஆளுங்க மூணு பேரும் இறங்கி வந்து, புதையலை எடுத்துட்டா நீங்க அப்புறம் கூப்பிடவே மாட்டீங்கன்னு பயந்து, எந்தப் பக்கம் தப்பாப் போலாம்னு என் வாசப்படியை அடைச்சுக்கிட்டு யோசனை பண்றாங்க; இன்னிக்கு வழியே இல்லன்னு அந்தப் பொம்பளை அழுவுது, நான் என்னன்னு ஆறுதல் சொல்லட்டும்?"