சுடர்விழியின் முதல் குடும்பம்

மூன்றாவது வீட்டுக் கதவும் மூடிக்கொண்டபோது சுடர்விழிக்கு அழுகை முட்டியது. முதல் வீட்டில் அவளைத் தண்ணீர் மெஷின் விற்பவள் என்று நினைத்தார்கள். இரண்டாவது வீட்டில் ஓட்டு கேட்க வந்தவள் என்று. மூன்றாவது வீட்டில் எதுவும் நினைக்கவில்லை. “வேணாம்” என்றார்கள், அவ்வளவுதான்.

காட்சி மானுடவியல் முதலாண்டு மாணவி அவள். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் பேட்டி எடுத்து, அவர்கள் அன்றாட வாழ்க்கையை இருபது நிமிடம் படம்பிடித்து மாலைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் அடுத்த வருடமும் இதே பாடத்தைப் படிக்கலாம் என்று பேராசிரியர் புன்னகையோடு சொல்லியிருந்தார்.

புதுச்சேரி உழவர்கரையில் அந்தத் தெருவின் கடைசி வீடு மட்டும் திறந்து கிடந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒரு துடைப்பம் தவிர வேறு ஒரு சாமான் இல்லை. ‘எளிமையான வாழ்க்கை’ என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

கண்ணாடி முன் இருபது முறை ஒத்திகை பார்த்த அறிமுகம் மறந்தே போனது. “உங்க குடும்பத்தப் பத்திக் கொஞ்சம் கேக்கணும். வீடியோ எடுத்துக்கலாமா?” என்பது மட்டும் வெளியே வந்தது.

மூவரும் எழுந்தே விட்டார்கள்.

“தாராளமா கேளும்மா. அதுக்குத்தான காத்துக்கினு இருக்கோம்,” என்றார் சிலுவை டாலர் போட்டிருந்த சூசை.

சுடர்விழிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. “வீட்டுல எத்தினி பேரு?”

“ரெண்டே பேரு,” என்றார் சூசை.

“ஏழு பேரு. ஆனா சத்தமே வராது,” என்றாள் அவருக்குப் பக்கத்தில் நின்ற அஞ்சலாட்சி.

“நான் ஒண்டிக்கட்டை, மதாம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவன். எட்டு மணிக்கு லைட்ட அணைச்சுடுவேன்,” என்றார் மூன்றாமவரான லுயீஸ், விறைப்பாக நின்று.

ஒரே வீட்டுக்குள் மூன்று கணக்கு! சுடர்விழி குழப்பத்தைக் காட்டிக்கொள்ளாமல் சாப்பாட்டுக்குத் தாவி, மீன் சமைப்பார்களா என்று கேட்டாள்.

“மீனா?” அஞ்சலாட்சி முகத்தைச் சுளித்தாள். “பொறந்தது வீராம்பட்டினம்தான். ஆனா அந்த வாசனையே எனக்கு ஆவாது.”

“நாங்க சுத்த சைவம்,” என்றார் சூசை.

“கிறிஸ்மஸுக்குக்கூடவா?”

“கிறிஸ்மஸுக்கு சாம்பாரு.”

“நான் சமைக்கறதே இல்ல. சுவத்துல ஒரு பொட்டு புகை படியாது,” என்றார் லுயீஸ்.

தன்னைச் சைவம் என்று நினைத்துத்தான் மறைக்கிறார்களோ என்று சுடர்விழிக்குச் சந்தேகம். “நான் எல்லாம் சாப்புடுவேன். பயப்படாம சொல்லுங்க,” என்றாள்.

“அப்பிடிச் சொல்லு தாயி! தெனம் வஞ்சிரக் கொழம்பு வெப்பேன். ஒனக்கும் குடுத்தனுப்பறேன்,” என்றாள் அஞ்சலாட்சி.

“எங்க வீட்டுல ஞாயித்துக்கெழம கறி இல்லாம பூசைக்கே போவ மாட்டோம்,” என்றார் சூசை.

பேட்டி கைநழுவிப் போவது தெரிந்தது. பேச்சை விட்டுச் செயலைப் பிடிப்போம் என்று கேமராவைத் தூக்கினாள். “எதுவும் சொல்ல வேணாம். இந்த வீட்டுல தெனமும் எப்பிடி இருப்பீங்களோ, அப்பிடியே இருந்து காட்டுங்க.”

அஞ்சலாட்சி மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுத்தமாக இருந்த தரையைப் பெருக்கினாள். லுயீஸ் பின்கட்டுக்கு ஓடி, மூடியிருந்த குழாயை இன்னும் இறுக்கி மூடினார். சூசை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் பூனை மாதிரி ஏறி இறங்கினார். கதவை ஓசையில்லாமல் ஐந்து முறை சாத்திக் காட்டினார். அதைப் பார்த்த லுயீஸ் பாய்ந்து வந்து துடைப்பத்தைப் பிடுங்க, அஞ்சலாட்சி விடாமல் இழுக்க, இருவரும் கூடத்தில் சுற்றினார்கள்.

“ஐயோ, விடுங்க! இவரு ஒங்களுக்கு என்ன ஒறவு?” என்று அஞ்சலாட்சியிடம் கத்தினாள் சுடர்விழி.

“ஒறவா? இந்தாளு மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கறேன்!”

கோபத்தில் சொந்தத்தையே அறுத்துப் பேசுகிறாளே! சுடர்விழிக்குக் கண் கலங்கியது. ஒரு குடும்பத்தின் ஆறாத காயத்தை முதல் நாளே படம்பிடித்துவிட்டாள். இருபத்திரண்டு நிமிடம் ஓடியிருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சாவிக்கொத்தோடு மூச்சு வாங்க உள்ளே வந்த ஒரு அம்மாள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வீடு வாடகைக்கு வேணும்னு மூணு பேருதான போன் பண்ணீங்க, இந்தப் பொண்ணு யாரு?”