மாமா குறித்தெடுத்த காதல்

ஷ்லீரன், சுவிஸ்,
13.03.2005

பாசமுள்ள தில்லைநாயகி அக்காவுக்கு,

கனடாவில் நீங்களும் அத்தானும் நலமாயிருக்க அம்பாளை வேண்டுகிறேன். நான் இங்கு உடம்பளவில் சுகம். மற்றதைக் கீழே எழுதுகிறேன். அத்தான் பக்கத்தில் இருந்தால் சத்தமாக வாசிக்க வேண்டாம்.

சண்டிலிப்பாய்ச் சுகந்தியை எனக்குப் பேசி நாலு மாதம் ஆகிறது. ஞாயிறு தோறும் போன் எடுத்து, சாப்பிட்டாச்சோ, அங்கே மழையோ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். போன மாதம் அவ உங்களிடம், "இவருக்கு என்னைப் பிடிச்சிருக்கோ, இல்லாட்டிச் சமைக்க ஆள் தேவையோ?" என்று கேட்டதாகவும், பங்குனி முடியமுன் பதில் தெரியாவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாமாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடித்திருக்கிறது அக்கா, கனக்கப் பிடித்திருக்கிறது. நாற்பது வயதில் அதை எப்படிச் சொல்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஓர்லிகோன் சலவைத் தொழிற்சாலையில் என்னோடு ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கிற ரமோன், டொமினிக்கன் குடியரசுக்காரன், நாள் முழுக்க ரெகேட்டோன் என்று ஸ்பானியப் பாட்டுப் போடுவான். அது இடித்துக்கொண்டே போகும், பாடுகிறவன் யாருக்கோ அடிக்கப் போகிறான் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அர்த்தம் கேட்டால், பாடுகிறவன் அழுகிறானாம், நீயில்லாமல் எனக்கு மூச்சு வராது, என்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சுகிறானாம். சீடி உறையில் பார்த்தால் கழுத்தில் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஆம்பிளை, அக்கா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. அண்டைக்கு நீராவிக்குள்ளால வெள்ளை விரிப்புகள் ஒண்டொண்டா வர, ஒவ்வொண்டிலும் மற்ற நுனியைப் பிடிச்சபடி சுகந்தி நிக்கிற மாதிரியே கிடந்தது. ரயிலிலும் அதே நினைப்பு. ஷ்லீரனில் இறங்காமல் டீட்டிகோன் போய்ச் சேர்ந்தன்.

இண்டைக்குப் போன் எடுத்துச் சுகந்தியைக் கேட்டன். ஆரோ போனை வாங்கின சத்தம். கண்ணை மூடிக்கொண்டு, "நீர் இல்லாட்டி எனக்கு மூச்சு வராது. பயமாக் கிடக்கு. என்னை விட்டிட்டுப் போகாதேயும்" எண்டு கடகடவெண்டு சொல்லிப்போட்டன். பேனை கீறுகிற சத்தம் கேட்டுது. பிறகு சுகந்தியின்ர அப்பா, மாமாவின்ர குரல். அவர் முப்பது வருசம் தந்திக் கந்தோரில் வேலை செய்தவரெல்லோ. லைன் வெட்டுப்படும் எண்டு வெளிநாட்டுப் போன் கதை எல்லாத்தையும் கொப்பியில் எழுதித் திருப்பி வாசிப்பார். "பிள்ளை கிணத்தடியில நிக்கிறா, தம்பி. சுருக்கி எழுதியிருக்கிறன், சரியோ எண்டு பாருங்கோ. மூச்சு வராது. பயம். போகவேண்டாம். சந்திரகுமார்." பின்னுக்கு நாலைஞ்சு பேர் இருமிச்சினம். நான் என்ன செய்ய, "ஓம் மாமா, சரி" எண்டன்.

இனி அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோட போய் நிக்கிறது? சம்பந்தத்தை இப்பவே நிப்பாட்டுங்கோ. எனக்குக் கலியாணம் சரிவராது.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்பாள் எல்லாரையும் காக்கட்டும்.

உங்கள் தம்பி,
சந்திரகுமார்

பி.கு.: முத்திரை ஒட்டமுன் போன் அடித்தது. சுகந்தி. சந்தியில் காசு குடுத்துப் போன் எடுக்கிற கொமினிகேசன் கடைக்கு வந்து, தனிய நிண்டு, அவவாக எடுத்திருக்கிறா. "அப்பா கனக்கக் குறைச்சுப்போட்டார் போல கிடக்கு. முழுக்கச் சொல்லுங்கோ" எண்டா. சொன்னன். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருந்தது" எண்டா. அக்கா, மேலே எழுதினதை வாசிக்க வேண்டாம். வாசிச்சிருந்தால், மறந்துபோட்டுக் கலியாணத்துக்கு நாள் பாருங்கோ.