மரியாதை அண்ணன் வீட்டுக்குக் கலெக்டர் வந்த கதை

மனிதர்களை 'வாடா, போடா' என்றும் மெஷின்களை 'வாங்க, போங்க' என்றும் பேசிய ஒரே ஆள், பழங்காநத்தத்தில் ஆரம்பித்துத் திருமங்கலம் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், எங்கள் மரியாதை அண்ணன் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் திருமங்கலத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை.

திருநகரில் நான் குடியிருந்தபோது அடுத்த வீடு அவருடையது. ஏதோ ஒரு ஆபீசில் காலமெல்லாம் ஃபைல் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் போவார்கள். இவர் செல்போனில் யாரோ மரவேலை செய்யும் வீடியோவைப் பார்த்தார். அத்தோடு சரி. காரை ஷெட்டிலிருந்து விரட்டித் தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மோட்டார் வைத்த ரம்ப மெஷினைக் குடியேற்றினார். பின்னாலேயே துளை போடுகிறவர், இழைக்கிறவர், தேய்க்கிறவர் என்று ஒரு கூட்டுக் குடும்பமே வந்து இறங்கியது.

"டேய் தம்பி, அங்கன நிக்காதடா. அவரு இப்பத்தான் ஓடி முடிச்சிருக்காரு. சூடா இருப்பாரு" என்பார். 'அவரு' என்றால் துளை போடும் மெஷின்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏண்ணே, எங்களையெல்லாம் டேய்ங்குறீங்க. இதுகளுக்கு மட்டும் என்ன இம்புட்டு மரியாதை?"

"நீ கோவப்பட்டா என்னடா பண்ணுவ?"

"ரெண்டு நாள் பேசாம இருப்பேன்."

ரம்ப மெஷினைக் கண்ணால் காட்டினார். "அவரு கோவப்பட்டா விரல எடுத்துருவாரு. இப்பச் சொல்லு, யாருக்குடா மரியாதை குடுக்கணும்?"

அன்றைக்கு நான் இதைத் தெருவில் சொல்லப்போய், மரியாதை அண்ணன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தொழிலில் அண்ணன் எப்படி என்று கேட்டால், ஆர்வம் அதிகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முக்காலிக்கு மூன்றே கால் என்பதால் எந்தத் தரையில் போட்டாலும் ஆடாது என்பார்கள். அண்ணன் செய்த முக்காலி ஆடும். தெருவில் வீட்டுக்கு ஒன்று வீதம் கொடுத்திருந்தார். வேண்டாத விருந்தாளி வந்தால் அதை எடுத்துப் போடுவது எங்கள் தெரு வழக்கமாக இருந்தது.

ஆட்டம்கூடப் பரவாயில்லை. தூசிதான் பிரச்சினை. இட்லி மாவில் மரத்தூள், கொடியில் காயும் துணியில் மரத்தூள், சாமி படத்தில் பூசிய விபூதிக்கு மேல் இன்னொரு விபூதி. அண்ணனின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுவேன், அவருக்கு ஏற்கெனவே வீசிங். மெஷின் ஓடிய நாட்களில் மூச்சுவிடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். தூசியே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. வீட்டில் தரை துடைக்க வைத்திருந்த வேக்குவம் கிளீனரைக் கொண்டுபோய் ரம்ப மெஷினோடு கட்டினார். அது கொஞ்ச நேரம் விசுவாசமாக உறிஞ்சியது. பிறகு பை வெடித்து, அதுவரை உறிஞ்சியதையெல்லாம் ஹாலில் இருந்த மதினியின் மேல் திருப்பிக் கொடுத்துவிட்டது. டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் மஞ்சள் நீராட்டு முடிந்த பெண் போல எழுந்து நின்றார்.

"இந்த வீட்ல ஒண்ணு தூசி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணிட்டுக் கூப்புடுங்க" என்று இருமிக்கொண்டே சொல்லிவிட்டுப் பசுமலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பசுமலை ஒன்றும் தூரமில்லை. பஸ்ஸில் இடம் பிடித்து உட்காருவதற்குள் இறங்க வேண்டி வரும். ஆனால் போகும்போது மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பக்கென்றது. மிக்ஸியோடு போகிற பெண் லேசில் திரும்ப மாட்டார்.

அதற்கப்புறம் ஷெட்டில் சத்தமே இல்லை. அண்ணன் கடையில் இட்லி வாங்கி வந்து, ரம்ப மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

"பேசாம அதை வித்துருங்களேண்ணே" என்றேன்.

"விக்கலாம்டா. நாகமலை புதுக்கோட்டையில ஒருத்தன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்." இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். "தூசி உறிஞ்சுறதுக்குன்னே ஒருத்தரு இருக்காராம்டா. டஸ்ட் கலெக்டர்னு பேரு. கடைசியா அவரப் பாத்துட்டு வாரேன். அவராலயும் முடியலைன்னா இவர அனுப்பிச்சுருவோம்."

என்னையும் கூட்டிக்கொண்டு சிம்மக்கல் பக்கம் ஒரு மெஷின் கடைக்குப் போனார். கையில் மஞ்சப்பை. கடைக்காரர், "பையில என்னண்ணே, சீயக்காயா?" என்றார்.

"எங்க வீட்டுத் தூசிடா மாப்ள" என்று சொல்லி, கழுவித் துடைத்த கடைத் தரையில் பையைக் கவிழ்த்தார். "மாவு மில்லுக்குப் போறவன் அரிசிய எடுத்துட்டுத்தானே போகணும்? இவர ஓட விடு, பாப்போம்."

பெரிய துணிப்பை தொங்கிய ஒரு மெஷினைக் கடைக்காரர் ஓட விட்டார். வாயை வைத்த மாத்திரத்தில் தரை சுத்தமாகிவிட்டது. "பாத்தீங்களாண்ணே, ஒரு பொட்டு இல்ல!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அவர். அண்ணன் இடுப்பில் சுற்றியிருந்த கருப்பு வேட்டியை அவிழ்த்தார். பயந்துவிடாதீர்கள், உள்ளே இன்னொரு வேட்டி இருந்தது. இது சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டியது. அதை ஓடிக்கொண்டிருந்த மெஷினின் துணிப்பைக்கு மேல் பிடித்துவிட்டு எடுத்துக் காட்டினார். கருப்பில் மெல்லிசாகப் பவுடர் பூசிய மாதிரி படிந்திருந்தது.

"பெருசப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பொடிச ஊருக்கு விடுறாருடா இவரு. பெரிய தூளு தானா கீழ விழுந்துரும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொடிசுதான் நெஞ்சுக்குள்ள போகுது."

"எல்லாரும் இதத்தாண்ணே வாங்குறாங்க."

"எல்லாரு பொண்டாட்டியும் பசுமலைக்குப் போயிட்டாளாடா?"

கடைக்காரர் மெஷினை அணைத்தார். இப்படியே கடை கடையாக ஏறி இறங்கினோம். பிற்பாடு மஞ்சப்பையைத் தூரத்தில் பார்த்ததுமே "ஓனர் இல்லண்ணே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அண்ணன் தனியாகக் கோயம்புத்தூருக்கே போனார். அங்கே ஒரு பட்டறையில், தூளைச் சூறாவளி மாதிரி சுற்றவிட்டு ட்ரம்மில் தள்ளி, மிச்சமிருக்கும் நைசுத் தூசியை மடிப்பு மடிப்பான ஃபில்டரில் பிடித்துவைக்கும் மெஷின் ஒன்று இருந்ததாம். அதற்கு மேல் பிடித்த வேட்டி கருப்பாகவே திரும்பி வந்தது. அங்கேயே பணத்தைக் கட்டி, லாரியில் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார்.

கதை இங்கேதான் கெட்டது. வேறு யாராக இருந்தாலும் "கலெக்டர் வருது" என்று சொல்லியிருப்பார்கள். தெருவுக்கு விஷயம் விளங்கியிருக்கும். 'து'வில் முடிய வேண்டியதை அண்ணன் வழக்கம்போல் 'ரு'வில் முடித்தார்.

அவர் லாரி ஆபீசுக்குப் போனில் சத்தமாகப் பேசியதை, எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் காதில் வாங்கிவிட்டார். செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊரே பார்த்து எழுந்து நிற்கும் மனிதர். அண்ணன் மட்டும் 'டேய் ஹெட்மாஸ்டர்' என்பார்.

"யாருண்ணே வாராக?"

"கலெக்டர் வாராருடா. செவ்வாக்கெழம காலையில."

"நம்ம தெருவுக்கா!"

"தெருவுக்கு என்னடா, என் வீட்டுக்கே வாராரு. கோயம்புத்தூர்ல இருந்து."

"ஓ, அங்கிட்டிருந்து மாத்தலா? ஆளு எப்பிடிண்ணே?"

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா வேலையில மூலைமுடுக்கு விடமாட்டாரு. தூசியக் கண்டா அவருக்கு ஆகவே ஆகாது."

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது தெரு அடையாளம் தெரியவில்லை. பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் போட்டிருந்த குழியைப் பற்றித்தான் கலெக்டரிடம் மனு கொடுப்பதாக முடிவாகியிருந்தது. ஆனால் கலெக்டர் கார் குழியில் இறங்கிவிட்டால் தெருவுக்கு அவமானம் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சேர்ந்து கல்லும் மண்ணும் கொட்டி அதை மூடிவிட்டார்கள். மூடிய பிறகுதான், இனி மனுவில் என்ன எழுதுவது என்ற கேள்வி வந்தது.

"சார், அது மெஷின் சார்" என்று செயலாளரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அண்ணனுக்குக் கலெக்டர் பழக்கம்னதும் உங்களுக்கு ஏன் சார் வயித்தெரிச்சல்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கெட்டிக்காரர்களை நம்பவைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் தெருவே அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. செயலாளர் கையில் சால்வை, எலுமிச்சம்பழம். ஒரு ஆட்டோ வந்து நின்றது. பட்டுச்சேலை கட்டி, இடுப்பில் மிக்ஸியோடு மதினி இறங்கினார். செய்தி பசுமலை வரைக்கும் போயிருக்கிறது.

அண்ணனுக்குக் கண் விரிந்துவிட்டது. "அவரப் பாக்கவா வந்த?"

"பின்ன? வீடு தேடி வாரவருக்குக் காப்பி யாரு போடுவா?"

"அவரு காப்பியெல்லாம் குடிக்க மாட்டாருடி. கரண்டு இருந்தாப் போதும்."

தனியாக இருந்து இருந்து மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மதினி முகத்தில் கவலை தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு குட்டியானை லோடு வண்டி, நாங்கள் மூடிய குழியின் மேல் சொகுசாக ஏறி வந்து நின்றது. கயிற்றை அவிழ்த்து, நாலு பேர் பிடித்து, ஆள் உயரத்துக்கு நீலநிற ட்ரம் ஒன்றை இறக்கினார்கள்.

"வழி விடுங்கடா. கலெக்டர் உள்ள போகட்டும்" என்றார் அண்ணன்.

செயலாளர் சால்வையைப் பார்த்தார், ட்ரம்மைப் பார்த்தார். "ஏண்ணே, வாராரு வாராருன்னு சொன்னா மனுசன்னுதானே நினைப்போம்?"

"நான் எப்படா மனுசனுக்கு மரியாதை குடுத்துருக்கேன்?"

முதலில் சிரித்தது செயலாளர்தான். ஆனால் மதினி சிரிக்கவில்லை. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அண்ணன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"ஒரே ஒரு பலகை அறுக்குறேன்டி. உக்காந்து பாரு. நீ ஒரு தடவ இருமுனாலும் ரம்பத்த இன்னைக்கே நாகமலைக்கு அனுப்பிச்சுர்றேன். இத்தன பேரு சாட்சி."

வண்டியோடு வந்த மெக்கானிக் குழாயைப் பொருத்தி முடிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஷெட் நடுவில் மதினிக்கு நாற்காலி. முக்காலி போடாத அளவுக்கு அண்ணனுக்குப் புத்தி இருந்தது. கலெக்டர் உறுமினார். ரம்பம் பலகைக்குள் இறங்கியது. யாரும் மெஷினைப் பார்க்கவில்லை. எல்லாரும் மதினியின் முகத்தையே பார்த்தோம்.

பாதிப் பலகையில் மதினி இருமினார்.

அண்ணன் பட்டென்று சுவிட்சை அணைத்தார். செல்போனை எடுத்து நம்பரை அழுத்தினார். "டேய், வண்டி எடுத்துட்டு வாடா. அவர... கூட்டிட்டுப் போயிரு." குரல் இறங்கிவிட்டது.

"போன வைங்க முதல்ல" என்றார் மதினி. "இது தூசியில்ல. தங்கச்சி பீரோவுல இருந்து எடுத்த சேலை. பாச்சா உருண்டை வாடை காலையில இருந்து குடலப் புடுங்குது."

செயலாளர் மூக்கை நீட்டி மோந்து பார்த்து, "ஆமா" என்று ஒப்புக்கொண்டார். மதினி எழுந்து வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது நூல்சேலை கட்டியிருந்தார். நாற்காலியை மெஷினுக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ம். இப்ப அறுங்க."

அண்ணன் நீளப் பலகை ஒன்றை நுனியிலிருந்து நுனி வரை அறுத்தார். பிறகு இன்னொன்று. மதினி வேண்டுமென்றே மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார். பூனைக்குட்டி கத்தவில்லை. மெஷின் நின்றதும், இடுப்புச் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"மதியத்துக்கு என்ன வைக்க?" என்றார்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி, கருப்பு வேட்டியால் முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் போனேன். "கண்ணுல தூசிடா" என்றார். ஷெட்டில் அன்று ஒரு பொட்டுத் தூசி இல்லை. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

பெரிய மனிதர் ஒருவரைப் பார்க்கப்போகிறோம் என்று நம்பி வந்த கூட்டம் அது. ஏமாந்துவிட்டோம் என்று எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தோன்றியதில்லை.