ஹேமர் சத்தத்துக்குள் ஒரு பாட்டு

வீடியோவில் தாவீது வாயைத் திறக்கிறான், மூடுகிறான். கேட்பது ஹேமர் சத்தம் மட்டும்தான். தணிகைவேல் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். இரும்பின்மேல் இரும்பு டமால் டமாலென்று விழுகிறது. அதற்குள் எங்கேயோ பாட்டு இருக்கிறது. அதை வெளியே எடுத்தாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாவீதுக்கு முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டம். அங்கே அவன் குரலைப் போட்டுக் காட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

வாய் தவறிச் சொன்ன வாக்கு இல்லை அது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி ஹேமரில் அடிக்கிற ஒரு கம்பெனியில் தணிகைவேல் சூப்பர்வைசர். நல்ல மனுஷன் என்று அங்கே அவரை யாரும் சொன்னதில்லை. ஹேமர் ஓடும் ஷாப்புக்குள் அவர் நுழைந்தாலே ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஹேமர் ஆபரேட்டர் தாவீது ஒருத்தன்தான் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்ப்பான். பார்த்துச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே பாடுவான்.

ஹேமர் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. காதில் அடைப்பான் வேறு. ஷாப்பில் பேச்சு முழுக்க வாயசைவில்தான் நடக்கும். ஆட்கள் ஒருத்தர் உதட்டை ஒருத்தர் பார்த்தே டீயிலிருந்து குடும்பச் சண்டை வரைக்கும் பேசி முடித்துவிடுவார்கள். தணிகைவேலுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. ஆர்டர் போடுகிறவர் யார் உதட்டையும் பார்க்க வேண்டியதில்லையே. ஆனாலும் தாவீது பாடுவதைத் தலையாட்டி ரசிப்பார், கையிலிருக்கும் அட்டையில் விரலால் தாளம்கூடப் போடுவார். ஹேமர் நின்றால் தாவீதும் நிறுத்திவிடுவான். கூச்ச சுபாவம், பாவம்.

"என் ஷாப்புல ஆளுங்க பாடிக்கினே வேல செய்றாங்க சார்" என்று ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் பெருமையடித்துக்கொள்வார். இந்த ஒரு ஆளாவது தன்கீழே சந்தோஷமாக வேலை செய்கிறான் என்ற நினைப்பில்தான் அவருக்குக் காலையில் ஷூ மாட்டவே மனசு வரும். அதனால்தான் ஒரு நாள் போனை எடுத்து வீடியோ பிடித்தார். கொஞ்ச நாளில் தாவீது நெஞ்சுவலியில் போய்விட்டான். தணிகைவேல் அழுத அழுகையில் ஷாப் ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பாட்டை எடுத்துத் தருகிறேன் என்று தாவீதின் ஊரான ஆரம்பாக்கம் போய் அவன் மனைவி மெர்சியிடம் சொன்னபோது அவள் பதறிப்போனாள். "அதெல்லாம் எதுக்கு சார், உட்ருங்க" என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். போதகரிடமும் சொல்லி, ஜெபக்கூட்ட நோட்டீசில் 'மறைந்த சகோதரர் தாவீதின் பாடல்' என்று அச்சடிக்கவும் வைத்துவிட்டார்.

டிஸ்பேட்ச் செக்‌ஷனில் வேலை பார்க்கும் சோனியா தாவீது குடும்பம் போகும் அதே ஆரம்பாக்கம் கோயிலில் பாடகர் குழுவில் இருப்பவள். பாட்டை ரெக்கார்டு பண்ணி, வெட்டி ஒட்டி, மிக்ஸ் பண்ணுவதெல்லாம் வீட்டில் லேப்டாப்பிலேயே செய்கிறவள். தணிகைவேல் அவளிடம் போய் நின்றார். தாவீது அங்கிள் கோயிலில் பாடித் தான் பார்த்ததே இல்லையே என்று அவள் யோசித்தாள். அவனுக்குக் கூச்சம்மா என்று அவர் விளக்கம் சொன்னார். சரி என்று அவர் லேப்டாப்பில் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்து, சத்தத்தை நீக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். சத்தம் மட்டும் இருக்கிற ஒரு துண்டை முதலில் காட்ட வேண்டும். இது வேண்டாதது என்று சாஃப்ட்வேர் புரிந்துகொண்டு, மற்ற இடத்திலெல்லாம் அதைக் கழித்துவிடும்.

தாவீது வாயை மூடியிருக்கும் இடமாகப் பார்த்து தணிகைவேல் காட்டினார். கழித்தது. ஹேமர் பாதி போய், தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ வாய் கொப்பளிப்பது போல ஒன்று மிஞ்சியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாவீதேதான்.

கொப்பளிப்பைக் குரலாக்க, கீச்சுச் சத்தத்தைக் கூட்டினார். போதவில்லை, இன்னும் கூட்டினார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி புவனேஸ்வரி ஓடிவந்து, எதைப் போட்டு இப்படி அறுக்கிறீர்கள், பல் கூசுகிறது என்றாள். அவருக்கு ஒன்றும் கூசவில்லை. ஹேமர் பக்கத்திலேயே காலம் தள்ளிய காதில் கீச்சுச் சத்தமெல்லாம் ஏறுவது நின்று ரொம்ப நாளாயிற்று. அது அவருக்குத்தான் தெரியாது.

உனக்கு சங்கீதம் தெரியாது என்று மனைவியை அடக்கிவிட்டு, ஹெட்போனை கேன்டீனுக்கு எடுத்துப்போனார். ஷாப் ஆட்களின் காதும் அதே ஹேமரில் அடிபட்ட காதுதான். ஆனாலும் சூப்பர்வைசர் நீட்டும்போது கேட்கவில்லை என்று யார் சொல்வார்கள். ரகு ஹெட்போனை மாட்டியதும் கண்ணை மூடி, கீர்த்தனை சார் என்றான். கணேசன் அம்மன் பாட்டு என்றார். ரங்கசாமி, அது பழைய சினிமா டூயட், தாவீதுக்குப் பிடித்தது என்று சத்தியமே பண்ணினார். மூன்று பேரும் சொல்லிவிட்டு அவசரமாகக் கை கழுவப் போய்விட்டார்கள்.

ஒரே பாட்டு மூன்று பாட்டாக இருக்க முடியாது. இன்னும் அழுக்கு போகவில்லை என்று முடிவு கட்டி தணிகைவேல் மறுபடி கழித்தார், அதற்குமேலும் கழித்தார். கடைசியில் திரையில் கோடு மட்டும் நேராக ஓடியது. ஹேமரும் இல்லை, தாவீதும் இல்லை. புவனேஸ்வரி மட்டும் இப்போதுதான் கேட்க நன்றாக இருக்கிறது என்றாள்.

சோனியா அசல் வீடியோவை வாங்கி, பொறுமையாக முழுக்கக் கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "சார், மைக்குல ஏறாத கொரல எந்த சாஃப்ட்வேராலயும் எடுக்க முடியாது."

அன்றைக்கு சனிக்கிழமை.

வேறு வழியே இல்லை. தாவீதுக்காகத் தானே பாடிவிடுவது என்று தணிகைவேல் தீர்மானித்தார். கர்த்தர் மன்னிப்பார், முருகனும் மன்னிப்பார். எதிரொலி வராமலிருக்கத் துணிகளுக்கு நடுவில் நின்று ரெக்கார்டு பண்ண வேண்டும் என்று சோனியா எப்போதோ சொல்லியிருந்தாள். பீரோவைத் திறந்து, புவனேஸ்வரியின் பட்டுப் புடவைகளுக்குள் தலையை விட்டு, செல்போனில் பார்த்துப் படித்த ஒரு கீர்த்தனையை உருகி உருகிப் பாடினார். புவனேஸ்வரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாட்டு உதட்டோடு ஒட்டவில்லை. கீர்த்தனை நிதானமாகப் போகிறது. தாவீதின் வாயோ படபடவென்று அடிக்கிறது. நடுநடுவே தாடையை ஒரு வெட்டு வெட்டுகிறான். இப்படி ஒரு தாளத்தை தணிகைவேல் எங்கேயும் கேட்டதில்லை. வெட்டினார், ஒட்டினார், வேகத்தைக் கூட்டினார். குரல் சின்னப்பிள்ளை குரலாகிவிட்டது. குரலைத் தாழ்த்தினார், எருமை ஆகிவிட்டது. எல்லாம் வெளியே தெரியாமலிருக்க ஒரே வழிதான் மிச்சம். எந்தச் சத்தத்தை எடுப்பதற்காக இவ்வளவும் கற்றுக்கொண்டாரோ, அந்த ஹேமர் சத்தத்தையே திரும்ப அள்ளி மேலே கொட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் கோயிலில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். விளக்கை அணைத்து வீடியோ போட்டார்கள். தாவீது திரை முழுக்கச் சிரித்தான். ஹேமருக்கு அடியிலிருந்து ஒரு கீர்த்தனை முனகியது. போதகர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். ஷாப் ஆட்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒருவர் விடாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள், ரங்கசாமி கைக்குட்டையை வாயிலேயே திணித்துக்கொண்டார். முன் பெஞ்சில் மெர்சி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் தணிகைவேலுக்கும் அடக்க முடியவில்லை, விம்மிவிட்டார்.

கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் மெர்சியே அவருக்குத் தட்டு கொண்டுவந்தாள். அவருக்கு அதை வாங்கக் கை வரவில்லை. அந்தப் பாட்டு, என்று இழுத்தார்.

"உங்க கொரலுதான் சார். கேட்டவொடனே தெரிஞ்சிபோச்சி" என்றாள்.

தணிகைவேல் தரையைப் பார்த்தார். தப்பாக நினைக்காதே, அவன் பாட்டைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை என்று மட்டும் சொன்னார். மெர்சி தட்டை அவர் கையில் வைத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆண்டவர் உங்கள ஆசீர்வதிக்கணும் சார். நீங்க இல்லனா என் குடும்பமே இல்ல. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அவரு என்னையோ பசங்களையோ ஒரு வார்த்த கடுசா பேசனதில்ல."

"தங்கமான மனுஷன்மா அவன்."

"தங்கம்லாம் ஒன்னும் இல்ல சார்" என்றாள் மெர்சி. "இருக்கற கெட்ட வார்த்த மொத்தத்தயும் ஹேமர் ஓடறப்பவே உங்க மூஞ்சிய பாத்து திட்டி தீத்துட்டுதான் ஊட்டுக்கே வருவாரு."